விர்ச்சுவல் டூர் படங்களுக்கு எந்த டிரைபாட் ஹெட்?

கேள்வி: வீடுகள், விடுதி அறைகள், கூடங்கள் ஆகியவற்றை 360 பாகைப் படங்களாக எடுத்து விர்ச்சுவல் டூர் அமைத்துத் தரும் பணியைத் தொடங்கியிருக்கிறேன். என்னிடம் ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சார் கொண்ட 24 மெகாபிக்சல் கேமராவும், அதனுடன் வந்த 18–55 மி.மீ. லென்ஸும், பால் ஹெட் (எந்தப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு) பொருத்திய டிரைபாடும் உள்ளன. படங்களை ஒட்டும்போது தூரத்துச் சுவர் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் அருகிலுள்ள நாற்காலியின் கால் இரண்டாகத் தெரிகிறது, தரையோட்டின் கோடு உடைகிறது. எல் வடிவச் சட்டம், மேல்கை உள்ள பெரிய ஹெட், லென்ஸையே வளையத்தால் பிடிக்கும் சிறிய ஹெட் என்று மூன்று வகைகளைப் பார்த்தேன். எதை வாங்குவது?

பதில்: நீங்கள் சொல்லும் குறை மென்பொருளுடையது அன்று, கேமரா சுழலும் அச்சு தவறான இடத்தில் இருப்பதால் வரும் இடமாறு தோற்றப் பிழை. ஒவ்வொரு லென்ஸுக்கும் எதிரிலுள்ள காட்சியை அது 'நின்று பார்க்கும்' புள்ளி ஒன்று உண்டு. புகைப்படக்காரர்கள் அதை நோடல் பாயிண்ட் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். சரியான பெயர் என்ட்ரன்ஸ் பியூபில். பால் ஹெட்டில் கேமரா தன் அடியிலுள்ள திருகைச் சுற்றித் திரும்புகிறது, அந்தப் புள்ளியோ திருகுக்குச் சில செ.மீ. முன்னால் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு திருப்பத்திலும் உங்கள் பார்வையிடமே நகர்ந்துவிடுகிறது.

இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 60 பாகைக்கு ஒரு படம் வீதம் எடுக்கும்போது, அந்தப் புள்ளி அச்சிலிருந்து 1 செ.மீ. விலகியிருந்தால், அடுத்தடுத்த இரு படங்களுக்கு இடையே அது அதே 1 செ.மீ. இடம்பெயரும். 1 மீட்டர் தொலைவிலுள்ள பொருள் வெகுதூரப் பின்னணிக்கு எதிரே அரைப் பாகைக்குச் சற்று மேல் விலகித் தெரியும். 8000 பிக்சல் அகலமுள்ள முழுச் சுற்றுப் படத்தில் அது ஏறக்குறைய 13 பிக்சல். அதே பொருள் 10 மீட்டர் தொலைவில் இருந்தால் பிழை ஒரு பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். வெட்டவெளியில் பால் ஹெட்டோடு நன்றாகவே ஒட்டிய படங்கள் அறைக்குள் வந்ததும் உடைவதற்கு இதுவே காரணம்.

ஆனால் எந்த ஹெட் என்பதை முடிவு செய்வது கேமரா அன்று, லென்ஸ். உங்கள் 18 மி.மீ. முனையில் கேமராவைச் செங்குத்தாக வைத்தால் அகலவாக்கில் 47 பாகையும் உயரவாக்கில் 66 பாகையும்தான் கிடைக்கும். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கால் பங்காவது படிய வேண்டும் என்பதால், மூன்று வரிசைகளும் கூரைக்கும் தரைக்கும் தனிப்படங்களுமாக ஓர் இடத்துக்கு 30 படங்கள் அளவுக்கு ஆகிவிடும். சன்னல் வெளிச்சத்தையும் அறை இருட்டையும் சமாளிக்க ஒவ்வொன்றையும் மூன்று எக்ஸ்போஷரில் (வெவ்வேறு வெளிச்ச அளவுகளில்) எடுத்தால் 90. அதே கேமராவில் 8 மி.மீ. ஃபிஷ்-ஐ லென்ஸ் (கோடுகளை வளைத்து, ஏறக்குறைய 180 பாகை வரை காட்டும் மிக அகலக் கோண லென்ஸ்) இருந்தால் சுற்றிலும் 6, மேலே 1, கீழே 1 என்று எட்டுத் திசைகளில் வேலை முடியும். ஆகவே உங்கள் பணம் முதலில் ஃபிஷ்-ஐ லென்ஸுக்குப் போகட்டும் என்பேன். ஃபோகஸையும் அபெர்ச்சரையும் (ஒளி நுழையும் துளையின் அளவு) கையால் வைக்கும் லென்ஸ் போதும். பனோரமா வேலையில் இரண்டையும் எப்படியும் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

இனி மூன்று வகைகள். எல் வடிவச் சட்டம் கேமராவைச் செங்குத்தாக நிறுத்தி ஒரே வரிசையில் சுழற்றும்; மேலே அண்ணாந்து பார்க்காது. நீளவாக்கிலான இயற்கைக் காட்சிக்கு அது போதும், கூரை வரை தேவைப்படும் உங்களுக்கு உதவாது. வளைய வகை சிறியது, எடை குறைந்தது, லென்ஸையே பிடிப்பதால் கேமராவை மாற்றினாலும் அளவு மாறாது. ஆனால் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனி வளையம் வேண்டும்; வாங்கும் முன் இன்னொன்றையும் பாருங்கள். படச்சட்டத்தின் நீளப் பக்கம் முழு 180 பாகையையும் அடக்கும் வட்ட ஃபிஷ்-ஐ லென்ஸானால், சில பாகைகள் மேலே சாய்ந்த நிலையில் சுற்றிலும் 4 படங்கள் எடுத்தாலே கூரையும் வந்துவிடும். மூலைக்கு மூலை மட்டும் 180 பாகை காட்டும் லென்ஸில் கூரைக்குத் தனிப்படம் வேண்டும். சில பாகைகளே சாயும் வளைய ஹெட் அதற்குப் பயன்படாது.

தெளிவுமிக்க படம் வேண்டுமானால் இந்த இரண்டாவது வகை லென்ஸே நல்லது என்பதால், உங்களுக்கு நான் சொல்வது மேல்கை 90 பாகை வரை நிமிரக்கூடிய, ஆனால் அளவில் சிறிய இரட்டைக்கை ஹெட், அதாவது நீங்கள் பார்த்த மேல்கை வகையிலேயே சிறியது. கனத்த தொலைநோக்கு லென்ஸ்களுக்கான பெரிய ஹெட்டைச் சுமந்து திரிய வேண்டாம்.

கடையில் கவனிக்க வேண்டியவற்றில் முதன்மையானது சுழல்தளம், அதாவது கேமராவைச் சுற்றித் திருப்பும் அடிப்பகுதி. 60 பாகைக்கும் 90 பாகைக்கும் 'டக்' என்று நிற்கும் கிளிக் ஸ்டாப் இருக்க வேண்டும். நின்ற பிறகு பக்கவாட்டில் ஆடக் கூடாது. மூன்று எக்ஸ்போஷர்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவது அந்த உறுதியைப் பொறுத்தது. கேமராவைப் பொருத்தி, கையின் நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள்: வளைந்து திரும்பும் கை சில மாதங்களில் இன்னும் தளரும். கேமராவை நகர்த்திப் பொருத்தும் தண்டவாளங்களில் மி.மீ. கோடுகள் பொறித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். கழற்றி மாட்டும்போதெல்லாம் அதே எண்ணுக்குத் திரும்ப முடியாத ஹெட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீண். டிரைபாட் திருகு 3/8 அங்குலமா 1/4 அங்குலமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். முதலில் லென்ஸை நேர்கீழே நோக்கவிட்டு, சுழல்தளத்தின் நடுப்புள்ளி திரையின் நடுவில் விழும்படி பக்கவாட்டு அளவைச் சரிசெய்யுங்கள். பிறகு அருகில் ஒரு நூலைத் தொங்கவிட்டு, தூரத்துக் கதவின் விளிம்போடு அதை நேராக்கி, கேமராவை இடமும் வலமும் 30 பாகை திருப்பிப் பாருங்கள். நூலும் விளிம்பும் விலகாத அளவு கிடைக்கும் வரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். 30 பாகை என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், ஃபிஷ்-ஐ லென்ஸில் அந்தப் புள்ளி கோணத்துக்குக் கோணம் சற்று மாறும் என்பதும், 60 பாகைக்கு ஒரு படம் எடுக்கையில் இரு படங்கள் சந்திக்கும் இடம் அதுதான் என்பதும். தண்டவாளம் நீளம் போதாமல் அந்த அளவை எட்ட முடியாவிட்டால், ஹெட்டைத் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: ஹெட்டைக் கிடைமட்டமாக வைக்க உதவும் சமன்படுத்தும் தளத்தைத் தனியாக விற்கிறார்கள். அதுவும் அவசியமா?

பதில்: முழுக் கோளப் படத்துக்குக் கட்டாயம் இல்லை; பிடிஜியூஐ, ஹுகின் போன்ற, படங்களை ஒட்டும் மென்பொருள்கள் சாய்வை நேராக்கிவிடும். உங்கள் பால் ஹெட்டையே சமன்படுத்தும் தளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் சுழல்தளம் அதற்கு மேலேதான் இருக்க வேண்டும், கீழே இருந்தால் பயனில்லை. பால் ஹெட் பாரத்தில் சற்றே இறங்கினாலும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவு சிரமத்துக்குப் பதில், ஒரே அழுத்தில் 360 பாகையும் எடுக்கும் கேமராவை வாங்கினால் என்ன?

பதில்: அவசர வேலைக்கு வாங்கலாம், அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ரிகோ தீட்டா இசட்1 கேமரா 6720 × 3360 பிக்சல் படம் தருகிறது. உங்கள் கேமராவும் 8 மி.மீ. ஃபிஷ்-ஐ லென்ஸும் சேர்ந்தால் அகலம் மட்டும் 12,000 பிக்சலைத் தொடும். ஒரே அழுத்தில் எடுக்கும் கேமராக்களிலும் இரு லென்ஸ்கள் ஒரே புள்ளியில் இல்லாததால், இரு படங்களும் சேரும் ஒட்டுக்கோட்டின்மேல் மிக அருகில் நிற்கும் பொருள் உடையவே செய்யும். அறைகளைச் சிறிய திரையில் பார்க்கும் வாடிக்கையாளருக்கு அந்தக் கேமரா போதும். சுவர் ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்க்க விரும்புபவருக்குப் போதாது.