மெதுவா போங்க, ஆனா சைடு குடுங்க: மலைரோட்டுல கேரவன் ஓட்டுறவங்க கேட்ட கேள்விகள்

டிராவலர் வண்டியை கேரவனா மாத்தி குடும்பத்தோட மலை ஏறுறவங்க இப்ப நிறைய பேர் கேள்வி அனுப்புறீங்க. பாதி கேள்வி பிரேக் பத்தி, மீதி பாதி பின்னாடி வர்ற வண்டிங்க பத்தி. எல்லாருக்கும் சேர்த்து முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். மலையில மெதுவா போறதுல தப்பே இல்ல, மூணு நாலு டன் வண்டி மெதுவாத்தான் போகும், ஆனா பின்னாடி ஒரு வரிசையே நிக்குதுன்னு தெரியாமயே ஓட்டுறது தப்பு.

ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறினோம். பின்னாடி ஒரே ஹார்ன், பதட்டத்துல நானும் வேகமா மிதிச்சேன், ஒரு வளைவுல பயந்தே போயிட்டேன். என்ன பண்ணியிருக்கணும்? (திருப்பூர் வாசகர்)

மிதிச்சிருக்கவே கூடாதுங்க. அவன் ஹார்ன் அடிக்கிறது அவன் அவசரம், உங்க வண்டிக்குள்ள ஆறு பேர் இருக்காங்க. அதுக்காக அவனை நாப்பது வளைவும் உங்க பின்னாடியே இழுத்துட்டு போறதும் நியாயம் இல்ல. பின்னாடி வர்றதுல ஒருத்தர் பிரசவத்துக்கு போயிட்டிருக்கலாம், எஸ்டேட்ல ஷிஃப்டு முடிஞ்சு வீட்டுக்கு போறவரா இருக்கலாம், நமக்குத்தான் அது சுற்றுலா ரோடு, அவங்களுக்கு அது தினமும் போற ரோடு.

நான் பண்றது இதுதான், ஒவ்வொரு வளைவு முடிஞ்சதும் ரெண்டு கண்ணாடியையும் பார்ப்பேன், பின்னாடி மூணு வண்டி சேர்ந்துட்டா அடுத்த நல்ல இடத்துல ஒதுங்கிடுவேன். நல்ல இடம்னா வளைவு முடிஞ்சு கொஞ்சம் நேரா இருக்கணும், தரை கெட்டியா இருக்கணும், டீக்கடை முன்னாடி, பஸ் நிக்கிற இடம், ஒன்பதாவது வளைவு வியூ பாயின்ட் மாதிரி அகலமான இடம். மழை பெஞ்ச மறுநாள் பள்ளத்து பக்கம் மண் ஓரத்துல மட்டும் சக்கரத்தை இறக்காதீங்க, மேல புல்லு பச்சையா இருக்கும், கீழ மண்ணு கரைஞ்சிருக்கும், காருக்கு தாங்குற ஓரம் நம்ம வண்டிக்கு தாங்காது. ஒதுங்குறதுன்னு முடிவு பண்ணிட்டா முன்னாடியே இடது இண்டிகேட்டர் போட்டு, மெல்ல குறைச்சு, முழுசா நிப்பாட்டுங்க. பாதி ஒதுங்கி ஊர்ந்துட்டே போனா பின்னாடி இருக்கவனுக்கு ஓவர்டேக் பண்றதா வேணாமான்னு புரியாது, அங்கதான் ஆக்சிடென்ட் ஆகுது.

வலது இண்டிகேட்டர் போட்டோ கை காட்டியோ ஓவர்டேக் பண்ண சொல்லலாமா? லாரிக்காரங்க பண்றாங்களே? (சேலம்)

வேண்டாம். வலது இண்டிகேட்டர்னா நீங்க வலது பக்கம் திரும்பப் போறீங்கன்னும் அர்த்தம், அவனுக்கு எந்த அர்த்தம் புரிஞ்சதுன்னு உங்களுக்கு தெரியாது. கை காட்டினா எதிர்ல வண்டி இல்லன்னு நீங்க உத்தரவாதம் குடுக்குற மாதிரி, அந்த பொறுப்பு உங்களுக்கு எதுக்கு. ஒதுங்கி நின்னுட்டீங்கன்னா அவனே பார்த்து போயிடுவான்.

குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது கருகின வாசனை வந்துச்சு, பெடல் வேற மெத்துமெத்துன்னு ஆயிடுச்சு. மெக்கானிக் பிரேக் நல்லா இருக்குன்னு சொல்றாரு. (கரூர்)

மெக்கானிக் சொல்றது சரியா இருக்கலாம், ஏன்னா ஆறினதும் பிரேக் பழையபடி ஆயிடும். கோளாறு பிரேக்ல இல்ல, இறங்கின விதத்துல. இதே ரோட்டுல எனக்கும் ஆயிருக்கு, பர்லியாறுக்கு மேல, வீட்டு ஆளுங்க எல்லாம் பின்னாடி தூங்கிட்டிருந்தாங்க. மூணாவது கியர்லயே காலை பிரேக்ல வச்சே இறங்கிட்டிருந்தேன், வண்டி சொன்னபடி கேக்குற மாதிரிதான் இருந்துச்சு, திடீர்னு பெடல் வழக்கத்தை விட ரெண்டு விரல் கீழ போச்சு. ஓரங்கட்டி இறங்கி பின் சக்கரத்து கிட்ட கையை கொண்டு போனா அடுப்பு பக்கத்துல நிக்கிற மாதிரி அனல், டிரம்ல இருந்து மெலிசா புகை. முக்கால் மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தேன். அன்னைக்கு கை நடுங்கினது இன்னும் ஞாபகம் இருக்கு.

உள்ள ரெண்டு விஷயம் நடக்குது. விடாம அழுத்திட்டே இருந்தா லைனர், அதாவது டிரம்மை உரசி சக்கரத்தை நிறுத்துற பட்டை, சூடேறி பிடிப்பு போயிடும், அது ஒண்ணு. இன்னொண்ணு பிரேக் ஆயில் கொதிக்கிறது. டாட் 4 (DOT 4)ங்கிற தரத்துல வர்ற பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது 230 டிகிரி வரைக்கும் தாங்கணும், ஆனா அது காத்துல இருக்க ஈரத்தை இழுத்துக்கும், ஈரம் ஏறின பழைய ஆயிலுக்கு அந்த அளவு 155 டிகிரிதான். கொதிச்சா லைன்ல ஆவி நிக்கும், ஆவியை அழுத்தினா அது சுருங்கும், அதான் அந்த மெத்துமெத்து. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாத்துங்க, மலைக்கு போறதுக்கு முன்னாடி கண்டிப்பா பாருங்க.

இறங்குறது எப்படின்னா, எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க, அதுக்கும் கீழ போனாலும் பரவாயில்ல. இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே செகண்ட் போட்டுடணும், வேகம் ஏறினப்புறம் கியர் குறைக்க போனா விழாது, நியூட்ரல்ல மாட்டிப்பீங்க. எஞ்சின் சத்தம் போடும், போடட்டும், அதுதான் வண்டியை பிடிச்சு வச்சிருக்கு. பிரேக்கை விட்டு விட்டு மிதிங்க, நல்லா ஒரு மிதி, வேகம் குறைஞ்சதும் காலை எடுங்க, சக்கரம் ஆறட்டும். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறதையும் எஞ்சினை ஆஃப் பண்றதையும் யார் சொன்னாலும் கேக்காதீங்க, எஞ்சின் ஆஃப் ஆனா பிரேக்குக்கு வர்ற உதவியும் போயிடும், பெடல் கல்லு மாதிரி ஆயிடும். சூடான டிரம்ல தண்ணி ஊத்தாதீங்க, விரிசல் விடும்.

பெடல் போயே போச்சுன்னா வேகமா பம்ப் பண்ணுங்க, கியரை குறைங்க, ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியா இழுக்காம கொஞ்சம் கொஞ்சமா இழுங்க. அதுக்கும் நிக்கலன்னா பள்ளத்து பக்கம் போகாம மலைச்சுவர்ல உரசி நிப்பாட்டுங்க. பாடி போனா போகட்டும்.

ஊட்டியில இருந்து கல்லட்டி வழியா மசினகுடிக்கு இறங்கலாமா? (சென்னை)

கூடாது. வெளியூர் வண்டிங்களை அந்த வழியா இறங்க விடுறதில்ல, 36 வளைவு, அவ்ளோ செங்குத்து. கூடலூர் சுத்தி போங்க, நேரம் ஆகும், ஆகட்டும்.

ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும்னு சொல்றாங்க, அது சட்டமா, சும்மா பழக்கமா? (கோவை)

சட்டமேதான். 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள்லயே இருக்கு, ரெண்டு வண்டி தாராளமா போக முடியாத மலைரோட்டுல இறங்குறவங்க ஓரமா நின்னு ஏறுறவங்களை முதல்ல விடணும். ஏத்தத்துல நின்னுட்டா திரும்ப கிளப்புறது கஷ்டம், வண்டி பின்னாடி உருளும், அதான் காரணம். ஆனா நீங்க ஏறிட்டிருக்கும்போது எதிர்ல இறங்குற பஸ்ஸுக்கு ஒதுங்க இடமே இல்ல, உங்களுக்கு இருக்குன்னா, சட்டம் பேசாம நீங்க ஒதுங்குங்க. ஏத்தத்துல நிப்பாட்டினா சக்கரத்துக்கு அடைக்கல்லு வைப்பீங்க இல்லையா, கிளம்பும்போது அந்த கல்லை எடுத்து ஓரமா போடுங்க தயவுசெஞ்சு. ரோட்டு நடுவுல விட்டுட்டு போற அந்த கல்லு ராத்திரி ஒரு பைக்காரனுக்கு எமன்.

கொண்டை ஊசியில பின் சக்கரம் ஓரத்துல ஏறிடுது. (மதுரை)

இடது பக்கம் திரும்புற வளைவுலதானே? உள் பக்கம் அதுதான் ரொம்ப இறுக்கம், பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியில போகாது, உள்ள வெட்டிட்டு வரும். அதனால வலது பக்கம் அகலமா போய் திரும்பணும், அப்படி போனா எதிர் லேனை நீங்க எடுத்துக்குறீங்க. அதுக்கு முன்னாடி ஹார்ன் அடிச்சு, தலையை சாய்ச்சு மேல் ரோட்டை பார்த்து, ஏதாவது இறங்குதான்னு தெரிஞ்சுக்கிட்டுதான் நுழையணும். சந்தேகமா இருந்தா பக்கத்துல இருக்கவங்களை கண்ணாடியை இறக்கி பார்க்க சொல்லுங்க. பின் சக்கரத்துக்கு பின்னாடி நீட்டிட்டு இருக்க வால் பகுதி எதிர்ப்பக்கம் வீசும்ங்கிறதையும் மறக்காதீங்க, உரசிட்டு போற பைக் அங்கதான் மாட்டுது.

கலிஃபோர்னியாவுல இருக்கோம். அப்பா அம்மா வந்திருக்காங்க, 30 அடி ஆர்வி (கேரவன் வண்டி) வாடகைக்கு எடுத்து யோசெமிட்டி போறோம். முதல் தடவை. (சான் ஹோசே)

உங்க ஊர்ல நான் மேல சொன்னது சட்டமாவே இருக்கு, ரெண்டு லேன் ரோட்டுல ஓவர்டேக் பண்ண வழியில்லாம உங்க பின்னாடி அஞ்சு வண்டி சேர்ந்துட்டா அடுத்த டர்ன்அவுட்ல, அதாவது ஒதுங்குறதுக்குன்னே ரோட்டோரத்துல இருக்க இடத்துல, ஒதுங்கியே ஆகணும். அஞ்சு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. 120-ஆம் ரோட்டுல போனா ஓல்டு ப்ரீஸ்ட் கிரேடுன்னு ஒரு குறுக்கு வழி காட்டும், அதுல ஏறாதீங்க, ரொம்ப செங்குத்து. நியூ ப்ரீஸ்ட் கிரேடு சுத்துதான், உங்களுக்கு அதுதான். இறங்கும்போது டோ ஹால் (Tow/Haul) பட்டனை அமுக்கிட்டா ஆட்டோமேட்டிக்கே கியரை குறைச்சு பிடிச்சுக்கும். டையோகா பாஸ்ங்கிற மலைக்கணவாய் 3,000 மீட்டருக்கு மேல, பெட்ரோல் வண்டி அங்க மூச்சு வாங்கும், மிதிச்சாலும் போகாது, அது கோளாறு இல்ல, காத்து மெலிசு.

அப்பா அம்மாவை ஓடும்போது பின் கட்டில்ல படுக்க விடாதீங்க, அம்மா டீ போட எழுந்திருச்சா வேணாம்னு சொல்லுங்க, பெல்ட் இருக்க சீட்ல உக்காரட்டும். கேஸ் வால்வை கிளம்புறதுக்கு முன்னாடியே மூடிடுங்க. டர்ன்அவுட்ல ஒதுங்குறப்ப எல்லாம் அவங்களும் இறங்கி கொஞ்ச நேரம் காலை நீட்டிக்கலாம், டீயும் அங்கயே போட்டுக்கலாம்.