ப்ளூஸ் கேட்கத் தொடங்குகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எல்.ஆர்.டி. (நகர ரயில்) பயணத்தில் கேட்கலாம் என்று ‘சிறந்த 100 ப்ளூஸ் பாடல்கள்’ என்ற பட்டியலைப் போட்டேன். பத்துப் பாட்டுக்குள் சலித்துவிட்டது. எல்லாம் ஒரே பாட்டு மாதிரியே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், செந்தூல்

பதில்: பட்டியலை மூடிவிடுங்கள். நூறு பாட்டை ஒரு முறை கேட்பதைவிட ஒரு பாட்டைப் பத்து முறை கேட்டால், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இந்த ப்ளூஸ் இசை சீக்கிரம் பிடிபடும்.

ஒரே மாதிரி இருப்பதாக உங்கள் காது சொல்வது சரிதான். பெரும்பாலான பாடல்களுக்குச் சட்டம் ஒன்றே: 12 பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சிறு கூறு), பாருக்கு 4 தட்டு, ஆக 48 தட்டு. ஆதி தாளம் போடத் தெரிந்தவருக்கு அது 6 ஆவர்த்தனம். முதல் 4 பார் சட்ஜமத்தின் மேல் கட்டிய கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டில்) நிற்கும். அடுத்த 2 பார் மத்யமத்துக்குப் போகும், பிறகு 2 பார் சட்ஜமத்துக்குத் திரும்பும். கடைசி நாலில் பஞ்சமம் ஒன்று, மத்யமம் ஒன்று, சட்ஜமம் இரண்டு. சில பாடல்கள் இரண்டாவது பாரிலேயே மத்யமத்தைத் தொட்டுவிட்டு வரும், குழம்ப வேண்டாம்.

வரிகளும் இதே சட்டத்தில்தான் உட்காரும். முதல் 4 பாரில் ஒரு வரி, அடுத்த 4 பாரில் அதே வரி மறுபடி, கடைசி 4 பாரில் அதற்கு முடிப்பு. ஒவ்வொரு வரியும் ஏறக்குறைய இரண்டு பாரில் முடிந்துவிடும். மிச்சமுள்ள இரண்டு பாரில் கிட்டாரோ ஹார்மோனிகாவோ பாடகருக்குப் பதில் சொல்லும். புதிதாகக் கேட்பவர்கள் நழுவவிடுவது இந்த இடத்தைத்தான்: குரல் நின்றதும் கவனமும் நின்றுவிடுகிறது. ஆனால் கலைஞருக்குக் கலைஞர் உள்ள வித்தியாசம் முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது.

முதல் பாடமாக லிட்டில் வால்டரின் ‘ஜூக்’ (1952). வார்த்தையே கிடையாது, மூன்று நிமிடத்துக்கும் குறைவு. முதல் முறை பார்களை மட்டும் விரலில் எண்ணுங்கள். இரண்டாவது முறை அடியில் போகும் தாழ்ந்த ஒலியை மட்டும் பின்தொடருங்கள், கார்ட் மாறுவது அங்கேதான் தெளிவாகத் தெரியும். மூன்றாவது முறை ஹார்மோனிகா. மைக்கைக் கையோடு சேர்த்துப் பொத்தி, ஆம்பிளிஃபயர் வழியாக ஊதியதால்தான் அதற்கு அந்தக் கனம். ரயில் இரைச்சல் தாழ்ந்த ஒலிகளைத்தான் முதலில் விழுங்கும், ஆகவே ஆரம்பத்தில் வீட்டில் கேளுங்கள்.

அடுத்து எல்மோர் ஜேம்ஸின் ‘டஸ்ட் மை ப்ரூம்’ (1951), டி-போன் வாக்கரின் ‘ஸ்டார்மி மண்டே’ (1947). இவை பழகியதும் பி.பி. கிங்கின் ‘லைவ் அட் தி ரீகல்’ ஆல்பத்தை நிறுத்தாமல் முழுதாகக் கேளுங்கள். 1964 நவம்பரில் சிகாகோ அரங்கம் ஒன்றில் பதிவானது. கூட்டத்தின் கூச்சலும் அந்த இசையில் ஒரு பகுதி.

ஜான் லீ ஹூக்கரின் ‘பூகி சில்லன்’ (1948) வந்தால் 12 பார் எண்ணிக்கை ஒத்துவராது. ஒரே கார்ட், காலால் தட்டும் தாளம், அவ்வளவுதான். அங்கே எண்ணுவதை விட்டுவிடலாம்.

கேள்வி: ஏழு வருடம் கர்நாடக வயலின் கற்றவள் நான். ப்ளூஸ் பாடகர்கள் காந்தாரத்தில் சுருதி விலகுவது போல் கேட்கிறது. தவறா, வேண்டுமென்றே செய்வதா?
– வாசகி, பாயான் பாரு, பினாங்கு

பதில்: வேண்டுமென்றே செய்வதுதான், இந்த இசையின் உயிரும் அதுவே. ப்ளூஸ் கிட்டாரிஸ்டுகள் அதிகம் புழங்கும் ஐந்து சுரங்கள் ச, க2, ம1, ப, நி2. உங்களுக்கு அது சுத்த தன்யாசி ராகம். ஆனால் கீழே ஒலிக்கும் சட்ஜம கார்டில் அதைவிட உயர்ந்த அந்தர காந்தாரம் இருக்கிறது. மேலே சாதாரண காந்தாரம் (க2), அடியில் அந்தர காந்தாரம்: இரண்டும் உரசும். பாடகர் க2-வில் அசையாமல் நிற்பதும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஓரிடத்துக்கு அதைத் தள்ளுவார். கிட்டாரில் கம்பியை விரலால் வளைத்து அதே இடத்தைப் பிடிப்பார்கள்.

ஐந்தாவது பாரைக் கவனியுங்கள். மத்யம கார்டுக்கு மாறியதும் அதே க2 அந்தக் கார்டோடு இணைந்து நின்றுவிடும், ஏனென்றால் மத்யமத்திலிருந்து எண்ணினால் அது கைசிகி நிஷாதம். நாலு பார் முழுக்க உரசிய சுரம் ஐந்தாவதில் அமைதி பெறுகிறது. இதை ஒருமுறை கேட்டுவிட்டால் 12 பார் ஏன் இத்தனை காலம் தாங்கியது என்பது புரிந்துவிடும். ம1-க்கும் ப-வுக்கும் இடையே பிரதி மத்யமமும் வந்து போகும், ஆனால் தங்காது.

தாளத்தில், ‘ஷஃபிள்’ என்பது திஸ்ர நடைதான். ‘தகிட’வில் நடுவிலுள்ள ‘கி’யை விட்டு, முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் வாசிப்பது. வயலினில் ஜாரு (சுரத்துக்குச் சுரம் வழுக்குவது) வாசிக்கும் உங்களுக்கு, கம்பிமேல் குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிட்டார் உடனே பிடிக்கும் என்று நம்புகிறோம். தன் உறவினர் புக்கா வைட்டின் ஸ்லைடு ஒலியை வெறும் விரலால் கொண்டுவர முயன்றதிலிருந்துதான் பி.பி. கிங்கின் கிட்டார் சுரங்களில் கேட்கும் நடுக்கம் பிறந்தது.

கேள்வி: ராபர்ட் ஜான்சன்தான் உச்சம் என்கிறார்கள். இரைச்சல்தான் கேட்கிறது. நல்ல பதிவு கிடைக்காதா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அவர் பதிவு செய்த 29 பாடல்களும் 1936, 1937-இல் சான் அன்டோனியோவிலும் டாலஸிலும் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டுக்காக எடுக்கப்பட்டவை. அதைவிடத் தெளிவான மூலம் இல்லை. சார்லி பேட்டனின் தட்டுகள் இன்னும் மோசம்: மட்டமான கலவையில் அச்சிடப்பட்டவை, நாம் கேட்பது தேய்ந்த பிரதிகளிலிருந்து எடுத்தது. இரைச்சலை அதிகமாக வடிகட்டிய வெளியீடுகளை வாங்காதீர்கள், இரைச்சலோடு கம்பியின் கூர்மையும் போய்விடும். உங்கள் கருவியில் உயர் ஒலியைச் சற்றுக் குறைத்து, ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். மோனோ (ஒற்றைத் தட ஒலி) பதிவுக்கு அதுவே போதும்.

அதைவிட நல்ல வழி, காலத்தில் பின்னோக்கி நடப்பது. ஜான்சனுக்கு மூத்தவரான சன் ஹவுஸ் 1965-இல் நவீன ஸ்டூடியோவில் மறுபடி பாடினார். அதே மிசிசிப்பி டெல்டா வட்டாரப் பாணி, இரைச்சலே இல்லை. மடி வாட்டர்ஸின் ‘ஃபோக் சிங்கர்’ (1964) ஒலித்தரத்துக்காகவே ஆடியோ பிரியர்கள் போற்றும் ஆல்பம். மென்மை வேண்டுமென்றால் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் 1960-களின் பதிவுகள். இவற்றுக்குப் பிறகு ஜான்சனிடம் போனால் இரைச்சலுக்கு அடியில் என்ன தேடுவது என்று காதுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: ப்ளூஸ் என்றால் நம் ஒப்பாரி மாதிரி சோகப் பாட்டுதானே?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: இல்லை. பருத்திக் காட்டு உழைப்பாளிகளின் பாட்டிலிருந்து வளர்ந்தது என்பதால் வலி நிறைய உண்டு. ஆனால் சனிக்கிழமை இரவு ஆடுவதற்கென்று வாசித்ததும் இதே இசைதான். பெஸ்ஸி ஸ்மித்தின் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸை’ (1925, உடன் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்) ஒரு முறை கேட்டுவிட்டு, உடனே கோகோ டெய்லரின் ‘வாங் டாங் டூடுல்’ கேளுங்கள்.

கேள்வி: லோரோங் கூலிட் சந்தையில் பழைய தட்டுகள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கோடுகள் பரவாயில்லை, நகம் தட்டுப்படும் கீறல் என்றால் வைத்துவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். எல்.பி. (வினைல்) தட்டு என்றால் காய்ச்சி வடித்த நீரில் சிறிது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்து துடைக்கலாம். 78 தட்டில் ஆல்கஹால் படவே கூடாது, அது செய்யப்பட்ட அரக்கு கரைந்துவிடும். எல்.பி. ஊசியால் 78-ஐ ஓட்டவும் வேண்டாம். அதன் பள்ளம் அகலமானது, சிறிய ஊசி அடியில் போய் உரசி இரைச்சலைத்தான் பொறுக்கும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி கேட்டு வாங்குங்கள். வீட்டில் தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைத்து அடுக்கினால் எல்.பி. வளையும், 78 உடையும்.