மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்தால் ஓரங்கள் வெட்டுப்படுகின்றன, எழுத்தும் மங்குகிறது, எப்படிச் சரிசெய்வது?

எச்.டி.எம்.ஐ. கேபிள் மூலம் மடிக்கணினியை 43 அங்குலத் தொலைக்காட்சியில் இணைத்ததும் கீழேயுள்ள பணிப்பட்டை பாதி மறைந்துவிடுவதாகவும், எழுத்துகளைச் சுற்றி வெண்ணிறக் கோடு படிவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். கணினியின் கிராபிக்ஸ் அமைப்புக்குள் சென்று படத்தைச் சற்றுச் சுருக்கியதில் பணிப்பட்டை தெரியத் தொடங்கியது, ஆனால் எழுத்து முன்னைவிட மங்கிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சுருக்கத்தை முதலில் நீக்கிவிடுங்கள். கணினி அனுப்பும் படத்தில் குறை ஏதுமில்லை. அதை வாங்கிக் காட்டும் தொலைக்காட்சிதான் தன் பழைய வழக்கப்படி படத்தைப் பெரிதாக்குகிறது. ஆகவே திருத்தத்தையும் அங்கேதான் செய்ய வேண்டும்.

தொலைக்காட்சியை விட்டுவிட்டு வேறிடத்தில் குறை தேடும் இதே தவற்றை நானும் செய்து ஒரு வாரத்தை வீணாக்கியிருக்கிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கணினியில் தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொடுத்து வருகிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே திரையைப் பார்க்க வேண்டியிருந்ததால், புரொஜெக்டருக்குப் பணம் போடத் துணியாமல், வீட்டிலிருந்த தொலைக்காட்சியையே வகுப்பறைச் சுவரில் மாட்டினேன். தமிழ்99 விசைப்பலகைக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறித் தட்டும்போது, எந்த மொழி இயங்குகிறது என்பதைக் காட்டும் சிறு குறி திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மூலையே சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. 'க' என்று நினைத்து விசையைத் தட்டினால் ஆங்கில 'எச்' வந்து விழுந்தது, பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, "சார், இப்ப தமிழா இங்கிலீஷா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடையில் விசாரித்ததில், கேபிள் மட்டமானது என்றும் தங்கமுலாம் பூசியதை வாங்கினால் சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். வாங்கினேன், மூலை திரும்பவில்லை. எச்.டி.எம்.ஐ. வழியே செல்வது எண்முறைச் (டிஜிட்டல்) சைகை. கேபிள் கெட்டால் படம் விட்டுவிட்டு வரும், மின்மினிபோலப் புள்ளிகள் சிதறும், அல்லது திரை கறுத்துவிடும். ஓரத்தை மட்டும் அளவாக வெட்டுவதும் எழுத்தைச் சீராக மங்கவைப்பதும் கேபிளால் ஆகாத காரியம்.

ஓரத்தை வெட்டுவதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். படக்குழாய்த் தொலைக்காட்சி இருந்த காலத்தில், மாலையில் மின்னழுத்தம் குறைந்ததும் படம் சுருங்கி நாற்புறமும் கருப்பு தெரிந்ததையும், அதற்காகவே ஸ்டெபிலைசர் வாங்கி அடியில் வைத்ததையும் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அப்படிச் சுருங்கினாலும் வெற்றிடம் தெரியக்கூடாது என்பதற்காகவும், ஓரங்களில் படம் கோணலாக இருப்பதை மறைப்பதற்காகவும், படத்தைச் சட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே வரையும்படி அக்காலத்தில் அமைத்தார்கள். தட்டைத் திரைக்கு அந்தத் தேவை இல்லை என்றாலும் வழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. குறுக்கே 1920, நெடுக்கே 1080 பிக்சல்கள் (படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள்), அதாவது 1920 × 1080 என்ற அளவில் ஒரு படம் வந்தால், அது கணினியிலிருந்து வந்ததா ஒளிபரப்பிலிருந்து வந்ததா என்று பாராமல் பல தொலைக்காட்சிகள் அதைப் பெரிதாக்கிவிடுகின்றன.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்கள் எழுத்து ஏன் மேலும் மங்கியது என்பது விளங்கும். தொலைக்காட்சி 5 விழுக்காடு வெட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், நடுவிலுள்ள 1824 × 1026 பிக்சல்களை மட்டும் எடுத்து 1920 × 1080 பரப்புக்கு இழுத்து விரிக்கிறது. நீங்கள் கணினியில் சுருக்கும்போது, 1920 பிக்சல் அகலமுள்ள முழுத் திரையும் 1824 பிக்சலுக்குள் அடைக்கப்படுகிறது. அதைத் தொலைக்காட்சி மறுபடியும் 1920-க்கு விரிக்கிறது. ஒரு முறை கசக்கி ஒரு முறை இழுத்த துணிபோல, கணினியின் எந்தப் பிக்சலும் தொலைக்காட்சியின் பிக்சலில் நேராக உட்காராது. ஆங்கில எழுத்து இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், தமிழ் தாங்காது. மெய்யெழுத்தின் புள்ளி கரைந்தால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். 'ரி', 'ரீ' இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. தட்டச்சு வகுப்பில் இதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

தொலைக்காட்சியின் ரிமோட்டை எடுத்து, படம் தொடர்பான அமைப்புகளில் பட அளவு என்ற பொருள்படும் பகுதிக்குச் செல்லுங்கள். சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஃபிட் டு ஸ்கிரீன்' என்றும், எல்.ஜி.யில் 'ஜஸ்ட் ஸ்கேன்' என்றும், சோனியில் 'டிஸ்ப்ளே ஏரியா' என்பதன் கீழ் 'ஃபுல் பிக்சல்' என்றும் இருக்கும். மற்றவற்றில் 'டாட் பை டாட்', '1:1', 'ஓவர்ஸ்கேன் ஆஃப்' என ஏதேனும் ஒரு பெயரில் மறைந்திருக்கும். '16:9' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அது படத்தின் அகல உயர விகிதத்தை மட்டுமே சொல்கிறது, பல தொலைக்காட்சிகளில் ஓரத்தை வெட்டுவதும் அதே '16:9'தான். பெரும்பாலான தொலைக்காட்சிகள் இந்த அமைப்பை ஒவ்வோர் எச்.டி.எம்.ஐ. துளைக்கும் தனித்தனியாக நினைவில் வைத்திருப்பதால், கணினி இணைந்து படம் தெரிந்துகொண்டிருக்கும்போதே அதை மாற்ற வேண்டும். மேசைமேல் ஏறி நின்று நான் மாற்றியபோது அந்த மொழிக் குறி முழுதாக மூலைக்கு வந்து உட்கார்ந்தது.

வெண்ணிறக் கோடு வேறு கதை. தொலைக்காட்சியில் 'ஷார்ப்னஸ்' என்றொரு அமைப்பு உண்டு. பெயரைப் பார்த்து அதைக் கூட்டினால் தெளிவு கூடும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது விளிம்புகளைத் தேடிப்பிடித்து அவற்றின் ஓரத்தில் வெளிச்சம் பூசும் வேலையையே செய்கிறது. வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்துகளைப் பெரிதாகத் தட்டி வைத்துக்கொண்டு, திரைக்கு மிக அருகில் நின்று, அந்தப் பூச்சு மறையும்வரை ஷார்ப்னஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பலவற்றில் 0-க்கு அருகில் மறையும். சோனியில் நடுநிலை 50, அதற்குக் கீழே போனால் படம் உண்மையாகவே மழுங்கும்.

இதற்குப் பிறகும் கருப்பின் மேல் சிவப்பாக எழுதியது மட்டும் கலங்கித் தெரிந்தால், தொலைக்காட்சி வண்ண விவரத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். நம் கண் வெளிச்ச வேறுபாட்டை உணரும் அளவுக்கு வண்ண வேறுபாட்டை உணராது என்பதால், திரைப்படத்துக்கும் ஒளிபரப்புக்கும் நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே வண்ண விவரத்தை வைத்துக்கொள்வார்கள். 4:2:0 என்று எழுதுவது இதைத்தான். எழுத்துக்கு, ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி வண்ண விவரம் வைக்கும் 4:4:4 வேண்டும். சாம்சங், எல்.ஜி. தொலைக்காட்சிகளில், கணினி இணைந்துள்ள துளையின் பெயரையோ சின்னத்தையோ 'பிசி' (PC) என்று மாற்றினாலே பெரும்பாலும் இது கிடைத்துவிடும். வெறும் பெயரை மாற்றினால் படம் எப்படி மாறும் என்று நானும் நம்பாமல்தான் செய்து பார்த்தேன். சொற்பிழையைக் காட்டும் சிவப்பு நெளிகோடு அன்றைக்குத்தான் நெளிகோடாகத் தெரிந்தது. அந்தப் பெயரை வைத்ததும் தேவையற்ற பட மெருகூட்டல்கள் நின்றுவிடுவதால், சுட்டியைத் தள்ளினால் அம்புக்குறி தாமதித்து நகரும் தொல்லையும் பெரும்பாலும் தீரும்.

கணினிப் பக்கம் பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. விண்டோஸ் விசையுடன் 'பி' (P) விசையைத் தட்டினால் நான்கு தேர்வுகள் வரும். அதில் இரு திரையிலும் ஒரே படம் என்ற 'டூப்ளிகேட்' இருந்தால், 1366 × 768 திரை கொண்ட மடிக்கணினி தன் அளவையே தொலைக்காட்சிக்கும் அனுப்பி வைக்கக்கூடும். அதை 1920 அகலத்துக்கு விரித்தால் எழுத்து மங்கத்தான் செய்யும். இரண்டாவது திரை மட்டும் என்பதையோ 'எக்ஸ்டெண்ட்' என்பதையோ தேர்ந்து, தொலைக்காட்சிக்குரிய முழு அளவை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து சிறிதாக இருந்தால் தெளிவுத்திறனை (1920 × 1080 போன்ற பிக்சல் அளவை) குறைக்காமல், எழுத்தையும் சின்னங்களையும் பெரிதாக்கும் 'ஸ்கேல்' என்ற இடத்தில் 150 விழுக்காடு வைப்பதே முறை. 'எச்.டி. ரெடி' என்று விற்கப்பட்ட 32 அங்குலத் திரைகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே இருப்பதே 1366 × 768 பிக்சல்கள்தான். அவை 1920 × 1080-ஐ ஏற்றுக்கொண்டாலும் சுருக்கியே காட்டும் என்பதால், அங்கே எழுத்து கூர்மையாக வருமென்று எதிர்பார்க்க வேண்டாம்.

கருப்பு சாம்பலாக வெளுத்திருந்தாலோ, இருண்ட பகுதிகள் ஒரே மையாக அப்பியிருந்தாலோ, கருப்பு முதல் வெள்ளை வரையிலான வெளிச்ச அளவைக் கணினியும் தொலைக்காட்சியும் வெவ்வேறு எண்களில், ஒன்று 0 முதல் 255 வரையும் ('ஃபுல்') மற்றொன்று 16 முதல் 235 வரையும் ('லிமிடெட்') பேசிக்கொண்டிருக்கின்றன. கணினியிலும் தொலைக்காட்சியிலும் 'ஃபுல்' அல்லது இரண்டிலும் 'லிமிடெட்' என்று ஒன்றாக வையுங்கள். 4கே (3840 × 2160 பிக்சல்) தொலைக்காட்சியில் அம்புக்குறி தத்தித் தத்தி நகர்ந்தால், எச்.டி.எம்.ஐ.யின் பழைய 1.4 பதிப்பு வழியே நொடிக்கு 30 படங்கள்தான் செல்கின்றன என்று கொள்ளலாம். 60 படங்களுக்குக் கணினி, தொலைக்காட்சி ஆகிய இரு பக்கமும் 2.0 பதிப்பு வேண்டும்.

கேபிளைப் பழிக்க வேண்டாம் என்றேன். நம் கடற்கரை ஊர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. தேவனாம்பட்டினத்தில் ஒரு நண்பர் வீட்டில் படம் அடிக்கடி கறுத்துப்போனது. கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் உப்புக்காற்றில் முனையின் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. இரண்டு கருவிகளையும் அணைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் செருகினோம். சில நாள் ஓடியது, மறுபடி கறுத்தது. புதுக் கேபிள் வாங்கினார். அது தங்கமுலாம் பூசியதா என்று நான் கேட்கவில்லை.