கனடா ஸ்டடி பர்மிட் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும்போது நிலத்தை விற்றுப் படிக்கப் போகலாமா?

"கன்சல்டன்ட் பார்த்துக்கலாம் என்கிறார், அப்பா ஆறு மா நிலத்தை விற்கத் தயார், போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கனடாவைத் தாண்டி அந்த ஆறு மாவில்தான், அதாவது சுமார் இரண்டு ஏக்கரில்தான், என் கண் நின்றது. நீங்கள் டெல்டாக்காரர், நிலம் அப்பா பெயரில் இருக்கிறது, வீட்டில் உங்கள் ஒருவருக்குத்தான் இங்கிலீஷில் மெயில் படிக்க வரும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

நான் குடிவரவு வக்கீல் இல்லை. கனடாவைப் பார்த்ததும் இல்லை. நீடாமங்கலம் பக்கம் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். சிட்டா, அடங்கல், வருமானச் சான்று, வில்லங்கம் என்று நாள் முழுக்க அச்சடித்துக் கொடுப்பவன். "போகாதவனுக்கு என்ன தெரியும்?" என்று யாராவது கேட்பீர்கள். போகிறவர்களின் காகிதம் பாதி என் பிரின்டர் வழியாகத்தான் போகிறது, அந்தத் தகுதி போதும்.

என் அக்காவை வலங்கைமான் பக்கம் கொடுத்திருக்கிறோம். அக்கா மகன் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரு பைக் ஷோரூமில் சர்வீஸ் அட்வைசராக இருந்தான். 2023இல் மேட்டூர் அணையை வழக்கம்போல ஜூன் 12 அன்று திறந்துவிட்டு அக்டோபரிலேயே மூடினார்களே, நினைவிருக்கிறதா? அத்தானுக்குக் குறுவை பாதி காய்ந்தது. "இனி இந்த மண்ணுல ஒண்ணும் இல்ல, புள்ளைய அனுப்பிடுவோம்" என்று அவர் முடிவெடுத்தது அப்போதுதான். பக்கத்து ஊர் கன்சல்டன்சி ஒன்று டொரன்டோவில் இரண்டு வருட டிப்ளமோவுக்கு ஆஃபர் லெட்டர் வாங்கிக் கொடுத்தது. லெட்டரில் இருந்த பெயர் அரசுக் கல்லூரியின் பெயர். பாடம் நடத்துவது அதனிடம் உரிமம் வாங்கிய தனியார் கல்லூரி. அந்த வித்தியாசத்தை யாரும் அத்தானுக்குச் சொல்லவில்லை.

2024 ஜனவரி 22. பொங்கல் முடிந்து சம்பா அறுவடை தொடங்கிய நேரம். கனடாவின் குடிவரவு அமைச்சராக இருந்த மார்க் மில்லர் அன்று அறிவித்ததை இரவு கடையில் உட்கார்ந்து படித்தேன். அந்த வருடம் புதிய அனுமதிகள் சுமார் 3,60,000தான், முந்தைய வருடத்தைவிட 35 சதவீதம் குறைவு. விண்ணப்பத்தோடு மாகாணம் தரும் சான்றுக் கடிதம், அதாவது பி.ஏ.எல்., வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு உறைத்தது. இப்படி உரிமம் வாங்கி நடத்தும் தனியார் கல்லூரிகளில் செப்டம்பர் 1 முதல் சேர்பவர்களுக்குப் படிப்பு முடிந்தபின் ஒர்க் பர்மிட் கிடையாது. ஒர்க் பர்மிட் இல்லையென்றால் கடனை எதில் அடைப்பது? அந்த மாதிரிக் கல்லூரிக்கு வேறு எதற்காக ஒருவன் போகிறான்?

கன்சல்டன்ட் அசரவில்லை. "செப்டம்பருக்கு முன்னாடி மே இன்டேக்ல சேர்ந்துட்டா பிரச்சினையே இல்ல சார்" என்றார். அந்த வாரமே அத்தான் என் கடைக்கு வந்தார். நிலத்துக்கு ஆள் பார்த்தாயிற்று, வில்லங்கச் சான்றும் சிட்டாவும் வேண்டும்.

"சர்வர் டவுன் அத்தான்" என்றேன்.

சர்வர் அன்று நன்றாகத்தான் ஓடியது. மறுநாளும் அதையே சொன்னேன். எங்கள் தொழிலில் யாரும் சந்தேகப்படாத பொய் அது ஒன்றுதான், பத்துக்கு ஆறு தடவை உண்மையாகவே இருப்பதால். கடைசியில் அவர் கும்பகோணத்தில் வேறொரு கடைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். "எம் புள்ள நல்லா வர்றது ஒனக்குப் பொறுக்கலயாடா?" அக்கா வாசலிலேயே நின்று அழுதாள். பையன்கூட, "மாமா, நீங்க எதுக்கு நடுவுல?" என்றான். பொய் சொன்னதற்கு நீதி சொல்ல வருகிறவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள். நாளைக்கும் அதையேதான் சொல்வேன்.

அப்புறம் நடந்தது இது. சான்றுக் கடிதம் தரும் ஏற்பாட்டைச் செய்ய மாகாணங்களுக்கு மார்ச் 31 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். அது வரும்வரை விண்ணப்பமே போடமுடியாது. அதற்குள் செப்டம்பர் 1 என்ற தேதியை மே 15க்கு முன்னால் இழுத்துவிட்டார்கள். பையனின் வகுப்பு தொடங்குவது மே கடைசியில். நிலம் வாங்க வந்தவர் காத்திருக்காமல் வேறு நிலத்தை முடித்துக்கொண்டார். கன்சல்டன்சிக்குக் கட்டிய பணத்தில் ஒரு பங்குதான் திரும்பி வந்தது, அதுவும் அத்தான் போய் உட்கார்ந்து வாங்கியது. என்னோடு அவர் வெகுநாள் பேசவில்லை. இப்போது பேசுகிறார், வில்லங்கம் மட்டும் இன்னும் கும்பகோணத்தில்தான் எடுக்கிறார்.

இதை வைத்து "கனடாவே வேண்டாம்" என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் நாடு, அவர்கள் வீட்டு வாடகைப் பிரச்சினை, விதியை மாற்றுவார்கள். ஆனால் மாற்றிக்கொள்ளக்கூடிய விதியின் மேல், திரும்ப வாங்கமுடியாத நஞ்சையை வைக்காதீர்கள் என்கிறேன்.

"அப்படியென்றால் கடன் வாங்கலாமே" என்பீர்கள். அங்கேதான் நம் பக்கத்துச் சிக்கல். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பெரும்பாலும் ஈடு கேட்கும். வயலைக் காட்டினால் மேனேஜர் முகம் மாறும். வாராக்கடனுக்குக் கோர்ட் போகாமலே சொத்தை எடுக்க வங்கிக்கு அதிகாரம் தருகிற 2002ஆம் வருட சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. அதனால் வீடு அல்லது மனை கேட்பார்கள். டெல்டாவில் பாதித் தெரு கோயில் மனை, மடத்து மனை. நான்கு தலைமுறையாக இருப்போம், பகுதி என்கிற மனை வாடகை கட்டுவோம், பட்டா இருக்காது. உங்கள் வீடு எந்த வகை என்று முதலில் பாருங்கள். கன்சல்டன்ட் இதைக் கேட்கவே மாட்டார்.

இன்னொன்று, என் கடையில் அடிக்கடி பார்ப்பது. காப்பீட்டு அட்டைக்காக அப்பா வாங்கி வைத்த பழைய வருமானச் சான்றில் ஆண்டு வருமானம் 72,000 என்று இருக்கும். விசா ஃபைலில் அதே அப்பாதான் ஸ்பான்சர். கணக்கில் போன மாதம் திடீரென்று 15 லட்சம் வந்திருக்கும். வட்டிக்கு எடுத்துக் காட்டுகிற பணம் என்பது அங்கே உட்கார்ந்து பார்க்கிற அதிகாரிக்குத் தெரியாதா? ரிஜெக்ட் ஆனால் "படிப்பு முடிந்து நாடு திரும்புவீர்கள் என்று நம்பிக்கை இல்லை" என்கிற ஒரு வரி வரும், பையன் இங்கிலீஷ் சரியில்லையோ என்று அழுவான்.

வருமானம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அத்தானிடம் காட்டுவதற்கு வருமானம் இருந்தால் அல்லவா? ஐப்பசி மழையில் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவைத்துத் தார்ப்பாய் போட்டுக் காவல் கிடப்பார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் எடுக்கமாட்டார்கள். 22 வரைக்கும் தளர்த்துங்கள் என்று கேட்டால் டெல்லியிலிருந்து ஒரு குழு வரும், கையில் நெல்லை அள்ளிப் பார்க்கும், போட்டோ எடுக்கும், போகும். அதற்குள் நெல் முளைவிட்டிருக்கும். மூட்டைக்கு இவ்வளவு என்று தனியே கொடுத்தவன் நெல் மட்டும் எப்படியோ காய்ந்திருக்கும். இந்த லட்சணத்தில் "விவசாயம் பாருடா" என்று எந்த வாயால் பையனிடம் சொல்வது? அவன் போக நினைப்பதைத் தப்பு என்று நான் சொல்லவே இல்லை.

சரி, உங்கள் விஷயம். நீங்கள் என்ன படிக்கப் போகிறீர்கள் என்று எழுதவே இல்லை, முக்கியமே அதுதான். அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை என்றால் இப்போது வழி முன்பைவிடச் சுலபம். 2026 ஜனவரி 1 முதல் அரசுக் கல்வி நிலையங்களின் முதுநிலை, முனைவர் மாணவர்களுக்கு அந்த உச்சவரம்பும் இல்லை, பி.ஏ.எல். கடிதமும் வேண்டாம். முதுநிலை எட்டு மாதத்துக்குக் குறையாமல் இருந்தால் மூன்று வருட ஒர்க் பர்மிட்டுக்குத் தகுதி உண்டு. டிப்ளமோ என்றால் கதை வேறு. 2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பின்னால் ஒர்க் பர்மிட் வேண்டுமென்றால், படிப்பு கனடா அரசு போட்ட துறைப் பட்டியலில் இருக்கவேண்டும், மொழித் தேர்வு மதிப்பெண்ணும் வேண்டும். அந்தப் பட்டியலும் நிலையில்லை. 2025 ஜூனில் 178 படிப்புகளை நீக்கினார்கள், சில நாளிலேயே திரும்பச் சேர்த்து அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்கள். ஒரே ஆறுதல், நீங்கள் ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பித்த நாளில் அந்தப் படிப்பு பட்டியலில் இருந்தால் போதும், பிறகு நீக்கினாலும் அந்தக் காரணத்துக்காக ஒர்க் பர்மிட்டை மறுக்கமாட்டார்கள். அன்றைய பட்டியலை அச்சடித்துப் பத்திரமாக வையுங்கள்.

காட்டவேண்டிய பணமும் ஏறிவிட்டது. 2023 வரை முதல் வருடச் செலவுக்கு 10,000 டாலர் காட்டினால் போதும். 2024இல் 20,635. 2025 செப்டம்பர் 1 முதல் 22,895 கனடா டாலர், நம் பணத்தில் 14, 15 லட்சம் வரும். முதல் வருடக் கட்டணமும் டிக்கெட்டும் இதில் சேராது. சீக்கிரம் முடித்துத் தந்த எஸ்.டி.எஸ். வழியை 2024 நவம்பர் 8 அன்று மூடிவிட்டார்கள். இன்னமும் அதைச் சொல்லி "இருபது நாளில் விசா" என்கிற கன்சல்டன்ட் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்பதும் அப்படித்தான். வகுப்பு நடக்கும் நாட்களில் வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம்தான் அனுமதி.

அக்கா மகன் இப்போது ஒரகடத்தில் வேலையில் இருக்கிறான், முதுநிலைக்கு விண்ணப்பித்திருக்கிறான். அத்தான் பெயரில் மன்னார்குடியில் பட்டாவோடு ஒரு மனை இருந்தது, கடனுக்கு அதைத்தான் காட்டியிருக்கிறோம். விசா வருமா என்று கேட்டால் தெரியாது. வராவிட்டாலும் வயல் இருக்கும்.

நீங்கள் கன்சல்டன்டுக்கு ஒரு மெயில் போடுங்கள். பாடம் நடத்துவது எந்தக் கல்லூரி, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரிக்கு இருக்கும் டி.எல்.ஐ. எண் அதற்கு என்ன, இந்தப் படிப்புக்கு ஒர்க் பர்மிட் உண்டா, மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். போனில் சொன்னால் கணக்கில்லை. பதில் வரும்வரை நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்கவேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். எங்கள் கன்சல்டன்ட் யார் என்று தனிச்செய்தியில் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.