செம்பனையும் மரம்தானே?

கேள்வி: காடும் பச்சை, பாமாயில் தரும் செம்பனையும் பச்சை. சதுப்புக் காட்டை வெட்டிச் செம்பனை நட்டால் மட்டும் என்ன கெட்டுவிடும்? – வாசகர், ஈப்போ

பதில்: நீங்கள் மேலே பார்த்துக் கேட்கிறீர்கள், வினை கீழே இருக்கிறது. மலேசியாவின் சிலாங்கூர்க் கடலோரத்தில் சதுப்பில் போட்ட செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாக, இருந்தவன் நான். குடிபோனபோது வாசலுக்கு இரண்டு படிகள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் காலி செய்தபோது ஐந்து. வீடு தூண்மேல் நின்றது, தரை இறங்கிவிட்டது. மரங்களும் பிடிமானம் போய்ச் சாய்ந்தன. நாங்கள் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தோம்!

மலாயில் கம்புட் எனப்படும் இந்தச் சதுப்புத் தரை உண்மையில் சாதாரண மண்ணே அல்ல. இலையும் வேரும் கட்டையும் நீருக்கடியில் மக்க வழியின்றி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த குவியல். சில இடங்களில் 10 மீட்டருக்கும் அதிக ஆழம். செம்பனை வேருக்கு நீர் தேங்கக் கூடாது என்பதால் முதல் வேலையே கால்வாய் வெட்டுவதுதான். நீர் வடிந்த இடத்தில் காற்று புகுகிறது. அத்தனை காலம் நின்றிருந்த மக்கல் தொடங்குகிறது. தொடக்க ஆண்டுகளில் தரை வேகமாக அமுங்கும். பிறகு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர். ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் கணக்குப்படி ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 40 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. செம்பனையை 25 ஆண்டுகள் வைத்திருப்பார்கள். பெருக்கிப் பாருங்கள்; மரம் தன் உடம்பில் சேர்க்கும் கரி இதற்கு ஈடாகாது.

காய்ந்த கம்புட் தீப்பிடித்தால் மேலே அணைத்தாலும் அடியில் வாரக்கணக்கில் கனலும். இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் 1996-இல் அதிபர் சுகார்த்தோவின் அரசு 10 லட்சம் ஹெக்டேர் திட்டம் போட்டு 4,000 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டியது. அது நெல்லுக்காக, நெல்லும் விளையவில்லை. அடுத்த ஆண்டே எல் நினோ வறட்சி வந்தது, வடிந்த சதுப்பு பற்றி எரிந்தது. எந்தப் பயிருக்காக வெட்டினார்கள் என்று தீ கேட்பதில்லை.

கேள்வி: அப்படியானால் பாமாயிலை விட்டுவிடலாமா? – அதே வாசகர்

பதில்: அதற்கு நான் உடன்பட மாட்டேன். செம்பனை ஹெக்டேருக்கு 3 முதல் 4 டன் எண்ணெய் தரும். சோயா அரை டன் அளவே. பாமாயிலை விட்டால், அதே அளவு எண்ணெய்க்கு வேறெங்கோ இன்னும் பெரிய காடு போகும். சதுப்பில் புதிதாக நடக் கூடாது என்று, பாமாயிலுக்குத் தரச் சான்று வகுக்கும் ஆர்எஸ்பிஓ அமைப்பு 2018-இல் விதித்திருக்கிறது. ஆனால் அதன் உறுப்பினர்களை மட்டுமே அந்த விதி கட்டுப்படுத்தும். பழைய தோட்டங்களில் மறுநடவுக் காலம் வரும்போதாவது கால்வாயை அடைத்து நீரை ஏற விடலாம். எங்கள் தோட்டத்திலும் மறுநடவு நடந்தது. தரை இறங்கிவிட்டதால், கால்வாயை இன்னும் இரண்டு முழம் ஆழமாக்கினார்கள்.