காலிப்பர் புதுசு, பெடல் மட்டும் ஏன் மெத்தென்று இருக்கிறது?

பாலக்கோட்டிலிருந்து: முன்பக்கம் இரண்டு பிரேக் காலிப்பரும் (பேட்டைச் சக்கர டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம்) மாற்றியாச்சு. பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற மூன்று தடவை ஏர் எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது.

ஒரே நாளில் இரண்டையும் கழற்றினீர்கள் என்றால் என் முதல் சந்தேகம், இடது வலது மாறிப்போயிருக்கும் என்பதுதான். பல வண்டிகளில் மாற்றி மாட்டினாலும் போல்ட் அழகாக உட்காரும், அதுதான் வம்பே. சக்கரத்தைக் கழற்றி, ஏர் எடுக்கும் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் காற்று மேல்பக்கமே தங்கிவிடும், நீங்கள் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் டியூபில் குமிழி இல்லாமல் சுத்தமான ஆயில்தான் வரும், ‘ஏர் போயிடுச்சு’ என்று நீங்களும் நம்பிவிடுவீர்கள். இடம் மாற்றிப் போடுங்கள், ஹோஸ் போல்ட்டுக்குப் புது செம்பு வாஷர் வையுங்கள், பழசைத் திருப்பிப் போட்டு அங்கே கசிய விடாதீர்கள்.

அரூரிலிருந்து: வீட்டம்மாவை மிதிக்கச் சொல்லி நானே ஏர் எடுத்தேன். இப்போது மிதித்துப் பிடித்தால் பெடல் மெதுவாகக் கீழே இறங்குது.

அமுங்குவது வேறு, பிடித்திருக்கும்போதே இறங்குவது வேறு. வெளியே எங்கும் கசிவில்லை என்றால், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரில்தான் பழுது. பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதித்தால், உள்ளே பிஸ்டன் வழக்கமாகப் போகாத, துருவும் அழுக்கும் படிந்த இடம்வரை போய் ரப்பரைக் கீறிவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தால் தப்பித்திருப்பீர்கள். இன்னொன்று, நீங்கள் நிப்பிளை மூடி ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும்.

ஓசூரிலிருந்து: ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) வண்டிக்கு ஸ்கேனர் கருவியை மாட்டித்தான் ஏர் எடுக்கணுமா?

காலிப்பர் மட்டும் மாற்றினால் பெரும்பாலும் வேண்டாம். நடுவில் பிரேக் ஆயில் டப்பா வற்றி, ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால் வேண்டியிருக்கும்.

தர்மபுரியிலிருந்து: ஊருக்குள் பெடல் கல் மாதிரி நிற்குது, சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் மட்டும் உள்ளே போகுது.

காலிப்பர் புதுசு, ஆயில் பழசு, அப்படித்தானே? பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிவிடும். கணவாய் முழுக்க பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் போய்விடும். முழு ஆயிலையும் மாற்றுங்கள், கீழ் கியரில் இறங்குங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி, பேட் பிடித்துக்கொண்டே இருக்கிறதா என்றும் பாருங்கள். வழியில் பெடல் மெத்தென்று ஆனால் உடனே கியரைக் குறைத்து, வேகம் தணிந்ததும் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். அவசரப்பட்டு டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது வளைந்துவிடும், அப்புறம் அதற்கும் ஒரு கேள்வி அனுப்புவீர்கள்.