ஊஞ்சலைப் பார்த்தீர்கள், செத்தவீட்டைப் பார்க்கவில்லை

கேள்வி: எனக்கு 53 வயது. திருகோணமலையில் அரசாங்க உத்தியோகம், காணிப் பகுதியில் வேலை. இளமையில் நாடகம் என்றால் உயிர். கல்யாணம், பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அண்மையில் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'இகிரு' படம் பார்த்தேன். அந்தக் கிழவர் பனியில் ஊஞ்சலாடும் காட்சி நித்திரையைக் கெடுத்துவிட்டது. பின்னேரங்களில் டச்பே கடற்கரையில் போய் இருந்து, வாழ்க்கை வீணாகிப் போச்சே என்று யோசிக்கிறேன். இந்த வயதில் மனிசரைக் குழப்பத்தான் இப்படிப் படம் எடுக்கிறார்களா? மனைவிக்கு இதைக் காட்டலாமா?
- ஒரு வாசகர், உவர்மலை

பதில்: குழப்பத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் குழம்ப வேண்டிய இடத்தை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள்.

முதலில், கிழவர் என்கிறீர்களே, 1952இல் படம் வெளிவந்தபோது அந்த வேடத்தில் நடித்த தகாஷி ஷிமுராவுக்கு 47 வயது. உங்களைவிட இளையவர்.

அந்தக் கிழவர், வதனாபே, நகரசபையில் ஏறத்தாழ முப்பது வருடம் முத்திரை குத்திக்கொண்டு இருந்தவர். கழிவுநீர் தேங்கும் பள்ளத்தை மூடி, பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டிடம் கட்டித் தாருங்கள் என்று பெண்கள் சிலர் வருகிறார்கள். அந்தப் பகுதிக்குப் போ, இந்தப் பகுதிக்குப் போ என்று அலைக்கழிக்கப்பட்டு, கடைசியில் முதலில் கேட்ட இடத்துக்கே வந்து நிற்கிறார்கள். அப்புறம்தான் அவருக்குத் தன் வயிற்றில் புற்றுநோய் என்று தெரியவருகிறது. ஒரு இரவு குடியும் கூத்துமாக அலைகிறார். பிறகு அலுவலகத்தில் வேலை செய்த ஒரு இளம்பெண்ணின் பின்னால் திரிகிறார். இரண்டும் உதவவில்லை. மகனுக்காகத்தான் இப்படி ஆனேன் என்று அவர் சொல்லும்போது அந்தப் பெண் விடுவதில்லை. அப்படி ஆகச் சொல்லி மகனா கேட்டான் என்பது அவளுடைய வாதம்.

உங்கள் கடிதத்தில் 'பிள்ளைகளின் படிப்பு' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். டியூஷன் காசு கட்டியவரின் கஷ்டம் எனக்கும் தெரியும், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மேடையை விடச் சொல்லி எந்தப் பிள்ளையும் உங்களிடம் கேட்டிருக்காது.

படத்தில் வதனாபே அலுவலகத்துக்குத் திரும்பி, அந்தப் பெண்களின் மனுவைத் தேடி எடுக்கிறார். உடனே படம் ஐந்து மாதம் தாண்டிவிடுகிறது, ஆள் இறந்துவிட்டார். மீதி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, செத்தவீடுதான். நீங்கள் அழுத ஊஞ்சல் காட்சிகூட அங்கே வந்த ஒரு பொலிஸ்காரர் சொல்வதாகத்தான் வருகிறது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? அவரோடு வேலை செய்தவர்கள். குடித்து, கண்ணீர் விட்டு, இனி நாங்களும் அவரைப்போல உழைப்போம் என்று சத்தியம் செய்கிறார்கள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் பிறகு அலுவலகத்தில் இன்னொரு மனு வரும்போது, வேறு பகுதிக்குப் போகச் சொல்கிறார்கள். ஒரே ஒருவர் கதிரையிலிருந்து எழும்புகிறார், பிறகு அவரும் இருந்துவிடுகிறார்.

கடற்கரையில் இருந்து நீங்கள் படும் கவலை அந்தச் செத்தவீட்டுக் கண்ணீரின் இனம் என்றுதான் எனக்குப் படுகிறது. கோபிக்காதீர்கள். நீங்கள் காணிப் பகுதியில் இருக்கிறீர்கள், அதுவும் திருகோணமலையில். 2006இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் சனத்துக்கு 2015, 2016இல்தான் தங்கள் காணிக்குத் திரும்பக் கிடைத்தது. ஒரு காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ ஒரு குடும்பத்துக்கு என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. மூதூரிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு அம்மாவை 'நாளைக்கு வாங்கோ' என்று சொல்லாமல் விடுவது உங்கள் கையில் இருக்கிறது. ஓய்வு வயது 60. இன்னும் ஏழு வருடம் அந்த மேசை உங்களுடையது.

நாடகத்தை மறந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. 25 வயதுக் கதாநாயகனாக இனி நிற்க முடியாது, அது போனது போனதுதான். ஆனால் உங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகள் நாடகம் பழகுவார்கள். வசனம் சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தால் வேண்டாம் என்று எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார்.

சரி, மனைவி. கட்டாயம் காட்டுங்கள், பக்கத்தில் இருந்து பாருங்கள். கல்யாணத்துக்கும் பிள்ளைகளுக்கும் அவரும் எதையோ விட்டுக்கொடுத்திருப்பார். படம் முடிந்ததும் அது என்ன என்று கேளுங்கள், உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.